சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள வரலாறு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இல்லத்துக்குத் திருச்சபை இந்த ஆண்டு ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறது. அலுவலகத்தில் நீண்ட காலம் இருப்பவள் என்பதால் வரலாற்றுப் பகுதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அடிக்கல் நாட்டிய போதகர் யார், கூரை மாற்றப் பணம் கொடுத்தவர்கள் யார் என்பதெல்லாம் முந்தைய மலர்களிலேயே இருக்கின்றன. அதனால் நான் சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தடித்த அட்டை போட்ட நீளமான புத்தகங்கள். பழையவை ஆங்கிலத்தில், பிந்தியவை மலாயில். பெயர், வயது, குடும்பம் வேலை செய்த ரப்பர் தோட்டம், கொண்டுவந்து விட்டவர், காரணம். பெற்றோர் இருவரும் இறந்துவிட்டதாக எழுதிய பக்கங்கள் குறைவு. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருந்திருக்கிறார்கள், சிலருக்கு இருவருமே. பிறகு ஏன் இங்கே வந்தார்கள்?

சுங்கை சிப்புட் என்றாலே 1948 ஜூன் 16-இல் தோட்டத் துரைமார்கள் மூவர் சுடப்பட்டதையும், அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலத்தையும் சொல்வார்கள். அமைச்சராக இருந்த துன் சம்பந்தனைச் சொல்வார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்டபோது, தொழிலாளிக்கு வேலையும் போனது, வேலையோடு தோட்டம் கொடுத்த லயன் வீடும் போனது. அதைத் தடுக்கத்தான் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களை மாதம் பத்து வெள்ளியாகச் (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டங்களை வாங்க வைத்தார். துண்டாடப்பட்ட தோட்டத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் மூடப்படும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் தாய் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள்? பக்கத்துக்குப் பக்கம் இதே காரணம்தான்: பார்த்துக்கொள்ள ஆளில்லை.

1969-க்குப் பிறகு இன்னொரு காரணம் சேர்கிறது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானதும், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ‘தகப்பன் இந்தியா’ என்று இரண்டே சொல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சிறுமியின் தாய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய பெருவிரல் ரேகை இருக்கிறது, மாதந்தோறும், சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில். சில ரேகைகளில் மை அப்பிக் கிடக்கிறது. ஒரு மாதமும் விடாமல் வந்திருக்கிறார். இந்தப் பிள்ளையை அநாதை என்று மலரில் எழுத எனக்கு மனம் வராது.

திருச்சபை செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிறன்று டின்னோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர்களும் தோட்டச் சம்பளக்காரர்கள்தான். திருநீறு பூசிய நெற்றியோடு வந்த பிள்ளைகளும் அந்த அரிசியைத்தான் சாப்பிட்டு வளர்ந்தார்கள். தீபாவளிக்கு அவர்களுக்கு விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் எந்த மலரிலும் இல்லை. இந்த முறை அவர்களைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

இப்போது ரப்பர் போய், சுற்றிலும் எண்ணெய் தரும் செம்பனை. பிள்ளைகள் நீதிமன்ற உத்தரவோடு, சமூகநல இலாகா வழியாக வருகிறார்கள். காரணம் என்ற இடத்தில் பிறப்பு, குடியுரிமைப் பத்திரங்களில் உள்ள சிக்கல் அடிக்கடி வருகிறது. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம் என்பது தோட்டத்தில் பலருக்குத் தெரியவே இல்லை. பதிவில்லாத திருமணத்தில் தாய் வெளிநாட்டவராக இருந்தால், தகப்பன் மலேசியராகவே இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. பன்னிரண்டு வயதில் வகுப்புத் தோழர்கள் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது இந்தப் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடுகிறது.

ஒரு பிள்ளையை இங்கே வளர்க்க ஆகும் செலவில் ஒரு பகுதியைத் தாயிடம் கொடுத்திருந்தால், பலர் வீட்டிலேயே வளர்ந்திருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். மலருக்குத் திரட்டும் நன்கொடையில் ஒரு பங்கை, தனித்து வாழும் தாய்மாரின் வீட்டு வாடகைக்கும், பத்திர வேலையாக ஈப்போ நகரத்துக்குப் போய்வரும் செலவுக்கும் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகப் போதகர் ஐயா சொல்லியிருக்கிறார்.