ராகிச் சாற்றில் டிபிபிஎச்: எண் கெட்டுப்போகும் இடங்கள்

டிபிபிஎச் என்பது ஊதா நிறப் பொருள்; சாற்றில் உள்ள ஆன்டி ஆக்ஸிடன்ட் அதன் நிறத்தை எவ்வளவு குறைக்கிறது என்று அளப்பதுதான் டிபிபிஎச் சோதனை. ராகி மாவில் அதைச் செய்து ஒரு ஐசி50 எண்ணை (நிறத்தைப் பாதியாக்கத் தேவைப்படும் சாற்றின் செறிவு) எழுதிவிடுவது அரை நாள் வேலை. ஆனால் ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரைப் போடுவதற்கு முன்பே, சாறு எடுக்கும்போதே அந்த எண் பாதி முடிவாகிவிடுகிறது. கீரைக்கும் தேயிலைக்கும் எழுதிய செய்முறையை அப்படியே தானியத்துக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

காரணம் எளிது. தானியத்தில் ஃபெரூலிக் அமிலம் போன்ற பீனால்களில் (ஆன்டி ஆக்ஸிடன்டாக வேலை செய்யும் தாவரப் பொருள்கள்) பெரும்பங்கு செல்சுவரின் அராபினோசைலான் என்ற நார்ப்பொருளோடு எஸ்டர் பிணைப்பில் ஒட்டிக்கிடக்கிறது. மெத்தனால் அதைத் தொடாது. ஆடமும் லியூவும் 2002-இல் வெளியிட்ட கணக்கில், மொத்த பீனாலில் பிணைந்த பங்கு மக்காச்சோளத்தில் 85%, கோதுமையிலும் ஓட்ஸிலும் 75%, அரிசியில் 62%. மெத்தனால் சாற்றை மட்டும் அளந்து "இந்தத் தானியத்தில் இவ்வளவுதான்" என்று எழுதுவது தப்புக்கணக்கு.

முதலில் மாவு. 0.5 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் திப்பியைத் தூக்கிப் போடாமல் மறுபடி அரைத்துச் சேர்க்க வேண்டும். பீனால் நிறைந்த மேல்தோல் அதில்தான் இருக்கிறது. ஈரப்பதத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். கம்பு போலக் கொழுப்பு 5% வரை உள்ள தானியமென்றால் ஹெக்ஸேனால் கொழுப்பை நீக்குவது அவசியம். ராகியில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, விட்டுவிடலாம்.

2 கிராம் மாவுக்கு 80% மெத்தனால் 10 மி.லி., அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் ஷேக்கரில். சென்ட்ரிஃபியூஜ் செய்து தெளிவை எடுத்துக்கொண்டு, கசடோடு இன்னொரு 10 மி.லி. இரண்டையும் சேர்த்து 25 மி.லி.க்கு நிரப்பினால் கட்டற்ற பீனால் சாறு தயார். செம்பழுப்பு ராகியில் டானின் (ஒரு பீனால் வகை) உண்டு. 1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனால் அதை நன்றாக இழுக்கும், ஆனால் அமிலம் டிபிபிஎச் வினையின் வேகத்தை மாற்றிவிடும். ஆகவே ஒப்பீட்டுக்கு வைக்கும் ஸ்டாண்டர்டையும் அதே கரைப்பானில் கரைக்க வேண்டும். 70% அசிட்டோன் எடுத்தால் பாலிஸ்டைரீன் குவெட் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு குப்பி) பக்கமே போகாதீர்கள். சுவர் மங்கிவிடும், எண் ஏறும், காரணம் தேடி ஒரு நாள் போகும்.

மிஞ்சிய கசட்டை மெத்தனாலால் இன்னொரு முறை கழுவி, கழுவிய மெத்தனாலைக் கொட்டிவிடுங்கள். கழுவாமல் விட்டால் கட்டற்ற பீனாலின் மிச்சம் அடுத்த சாற்றில் இரண்டாம் முறை எண்ணப்படும். பிறகு 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி., மேலே நைட்ரஜன் ஊதி மூடி, நான்கு மணி நேரம் கலக்க விடுங்கள். காரத்தில் காற்று பட்டால் கஃபீக் அமிலமும் கேட்டிகின் வகையும் கருத்துப் போய்விடும், அதனால்தான் நைட்ரஜன். பிறகு ஐஸில் வைத்து, 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 2-க்கு இறக்கி, சம அளவு எத்தில் அசிடேட்டில் மூன்று முறை பிரித்தெடுக்க வேண்டும். தானியத்தில் ஸ்டார்ச்சும் புரதமும் சேர்ந்து நடுவில் ஜெல் போல ஒரு அடுக்கு நிற்கும். பிரிபுனலை எவ்வளவு குலுக்கினாலும் அது போகாது, சென்ட்ரிஃபியூஜில் போட்டால் போகும். 40 டிகிரியில் வற்றவைத்து 5 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் பிணைந்த பீனால் சாறு. டானினை இந்த வழியில் தேடாதீர்கள், அது காரத்தில் தங்காது.

டிபிபிஎச் கரைசலுக்கு 19.7 மி.கி.யை 50 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதைப் பத்து மடங்கு நீர்க்க வேண்டும். நேரடியாக 4 மி.கி. நிறுப்பதைவிட இது நம்பகமானது. 2.9 மி.லி. கரைசலோடு 100 மைக்ரோலிட்டர் கரைப்பான் சேர்த்துக் கண்ட்ரோல் (சாறு இல்லாத ஒப்பீடு) பார்த்தால் 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 1.1-ஐ ஒட்டி வர வேண்டும். 0.8 வந்தால் கரைசல் பழசு, இல்லையென்றால் வெளிச்சம் பட்டிருக்கிறது.

இந்தச் சோதனையின் ஸ்டாண்டர்ட் டிரோலாக்ஸ், வைட்டமின் இ போன்ற ஒரு பொருள். அதன் செறிவையும் நிறக்குறைவையும் இணைக்கும் வரைகோட்டைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு டிரோலாக்ஸ் மூலக்கூறு இரண்டு டிபிபிஎச்சைத் தின்னும். குவெட்டில் 0.29 மைக்ரோமோல் டிபிபிஎச் இருக்கிறது. 1000 மைக்ரோமோலார் டிரோலாக்ஸில் 100 மைக்ரோலிட்டர் என்றால் 0.1 மைக்ரோமோல், அது 0.2-ஐத் தின்றுவிடும். ஆக நிறக்குறைவு 70%-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 50% வந்தால் சாம்பிளைத் தொடுவதற்கு முன் பிப்பெட்டையும் டிரோலாக்ஸையும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து கலங்கல். தண்ணீர் அதிகமுள்ள சாற்றை மெத்தனாலில் விட்டதும் கரைந்திருந்த புரதமும் சர்க்கரைப் பொருளும் திரிந்து மெல்லிய மூட்டம் எழும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மீட்டருக்குத் தெரியும். மூட்டத்தால் ஒளி சிதறி அளவு கூடும், சாற்றில் சத்தே இல்லாதது போல முடிவு வரும், சில நேரம் மைனஸில்கூடப் போகும். 30 நிமிடம் இருட்டில் வைத்த பிறகு சென்ட்ரிஃபியூஜ் செய்து படித்தால் தீரும். செம்பழுப்பு ராகிச் சாற்றுக்குச் சொந்த நிறமும் இருப்பதால், ஒவ்வொரு சாம்பிளுக்கும் டிபிபிஎச் இல்லாத வெறும் மெத்தனாலோடு ஒரு பிளாங்க் வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு: கண்ட்ரோல் 1.10, சாம்பிள் 0.72, அதன் பிளாங்க் 0.03. நிகர அளவு 0.69, நிறக்குறைவு 37.3%. வரைகோட்டில் அது 540 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். 540-ஐ 0.025 லிட்டரால் பெருக்கி 2 கிராமால் வகுத்தால், கிராமுக்கு 6.75 மைக்ரோமோல் டிரோலாக்ஸ் சமானம். ஈரம் 11% என்றால் உலர் எடைக்கு 7.6. நிறக்குறைவு 70%-ஐத் தாண்டினால் வரைகோட்டை நீட்டிக் கணக்குப் போடாமல், சாற்றை நீர்த்து மறுபடி அளக்க வேண்டும். ஐசி50-ஐ நான் விரும்புவதில்லை. டிபிபிஎச்சின் தொடக்கச் செறிவு மாறினாலே அது மாறிவிடும், இரண்டு ஆய்வகங்களின் எண்களைப் பக்கத்தில் வைக்க முடியாது.

ஏபிடிஎஸ் முறை (நிறக்குறைவை அளக்கும் இன்னொரு சோதனை) தண்ணீருக்குப் பயப்படாது என்பது அதன் நல்ல குணம். 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ்ஸோடு 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட் கலந்து, 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வைத்து, 734 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.70-க்கு நீர்த்துப் பயன்படுத்தலாம். முளைகட்டிய ராகியில் ஃபோலின் முறை (மொத்த பீனாலை நீல நிறத்தால் அளப்பது) மட்டும் செய்தால் கவனம் தேவை. முளைப்பில் கூடும் ஒடுக்கும் சர்க்கரையும் நீலத்தைக் கூட்டும்.

இன்னொன்று, ராகியையும் சாமையையும் ஒரே அட்டவணையில் போடுபவர்களுக்கு. ராகியின் விதைத்தோல் பிரியாமல் மாவோடு அரைபடுகிறது. கடைச் சாமை உமி நீக்கியது, பெரும்பாலும் தவிடும் தீட்டப்பட்டது. சாமைக்கு எண் குறைவாக வந்தால் அதில் மில்லின் பங்கு எவ்வளவு என்று தெரிய, தீட்டாத சாமையையும் கூடவே ஓட்ட வேண்டும். இந்த எண்ணை வைத்துப் பாக்கெட்டில் "நோய் தடுக்கும்" என்று அச்சடிக்க யாராவது கேட்டால், அமெரிக்க வேளாண் துறை தன் ஓஆர்ஏசி பட்டியலை (உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறன் பட்டியல்) 2012-இல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டதைச் சொல்லலாம். குவெட்டில் வரும் எண் உடலுக்குள் என்ன ஆகிறது என்பதைக் காட்டாது, விளம்பரத்துக்குத்தான் பயன்படுகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.