‘இடம்பெயர்ந்தோம்’ அல்ல, ‘வெளிக்கிட்டனாங்கள்’

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் கையில் தரப்படும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். படம், தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு. இன்ன பதியில் இன்னாரின் அருமைப் புதல்வியாக அவதரித்தார் என்று அது தொடங்கும். ஊரையும் தகப்பன் பெயரையும் மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். அந்த அம்மா விடியப்புறம் எழும்பி நீத்துப்பெட்டியில் பிட்டு அவித்ததும், சில்லறையைக் கொட்டைப்பெட்டிக்குள் போட்டு இடுப்பில் செருகினதும் அதில் இருக்காது. கல்வெட்டு சடங்குக்கான எழுத்து, அதற்கு அதன் மரியாதை உண்டு. நம்முடைய அனுபவத்தை நாமே எழுத உட்காரும்போதும் கை அதே தடத்தில் போவதுதான் கவலை.

நடை என்பது மேலே பூசுவதல்ல. நம் வாயில் ஏற்கனவே இருக்கும் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பேப்பருக்கு வரும்வரை காப்பாற்றுவதுதான் பெரும்பாலான வேலை.

‘இடம்பெயர்வு’, ‘மீள்குடியேற்றம்’, ‘உடைமைகள்’ எல்லாம் நிவாரணப் படிவங்களிலிருந்தும் செய்தியிலிருந்தும் வந்த சொற்கள். வீட்டில் யாரும் ‘இடம்பெயர்ந்தோம்’ என்று சொல்வதில்லை. ‘வெளிக்கிட்டனாங்கள்’, ‘ஓடினனாங்கள்’ என்றுதான் சொல்கிறோம். போரில் ஊரே வெளிக்கிட்டு நடந்த 1995 ஒக்டோபர் 30 இரவை எழுதும் பலரின் பிரதி இப்படி வரும்:

“1995 இடம்பெயர்வின்போது நாங்கள் எமது உடைமைகள் அனைத்தையும் இழந்து, சொல்லொணாத் துயரங்களை அனுபவித்தவாறு நடந்து சென்றுகொண்டிருந்தோம்.”

இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“அப்பா சைக்கிள் ஹாண்டிலில் அரிசிப் பையைக் கொழுவினார். பின் கரியரில் அப்பம்மா. அம்மா திரும்பக் குசினிக்குள் போய் அடுப்புக்குத் தண்ணி ஊற்றிவிட்டு வந்தா. மாட்டை ஆர் அவிழ்த்துவிட்டதென்று தெரியாது. நாவற்குழிப் பாலத்தடிக்கு வர மழை.”

ஐந்து வாக்கியம். துயரம் என்ற சொல் எங்கேயும் இல்லை. அடுப்புக்குத் தண்ணி ஊற்றினதில், சோறு வேகாமலே புறப்பட்டார்கள் என்பதும், வீட்டுக்கு நெருப்புப் பிடிக்கக்கூடாது, திரும்பி வருவோம் என்று அந்த அம்மா நினைத்ததும் இருக்கின்றன. இதை விளக்கி அடுத்த வாக்கியம் எழுதினால் இரண்டும் கெட்டுவிடும். ‘தெரியாது’ என்று ஒத்துக்கொண்ட இடம் மற்ற நாலையும் நம்பவைக்கிறது. வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்த இரவு அது என்பது இங்குள்ள வாசகருக்குத் தெரியும். தெரியாதது உங்கள் சைக்கிளில் என்ன இருந்தது என்பது.

‘வந்தா’ என்பதையும் கவனியுங்கள். அம்மாவை ‘வந்தாள்’ என்று எழுதினால் யாழ்ப்பாணக் காதுக்கு வலிக்கும். ‘வந்தார்’ என்றால் அம்மா பள்ளிக்கூட அதிபரைப் போலத் தூரப் போய்விடுகிறா. மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த அந்த ‘ஆ’ நம்மிடம் இருக்கும்போது ஏன் விடவேண்டும்? விவரிப்பு முழுவதையும் பேச்சுத்தமிழில் எழுதச் சொல்லவில்லை. பத்துப் பக்கம் அப்படிப் போனால் வாசிக்கிறவர் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவார். விவரிப்பு பொதுத்தமிழில், ஆனால் பொருட்களின் பெயர் நம்முடையதாக (படலை, ஒழுங்கை, கிடுகு, துலா), உரையாடல் வாயில் வந்தபடி என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் சரிவரும். ‘அங்கை’ என்று ஓரிடத்திலும் ‘அங்க’ என்று இன்னோரிடத்திலும் வராமல், அடிக்கடி வரும் பத்துப் பேச்சுச் சொற்களின் எழுத்தைத் தனித்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரையாடலில் நமக்கு இன்னொரு சொத்து உண்டு. இந்த, அந்த என்பதோடு ‘உந்த’வும் நம் பேச்சில் உயிரோடு இருக்கிறது. கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவது அது. “உங்கை என்ன செய்யிறாய்?” என்று ஒரு தாய் கேட்டால், பிள்ளை வேறொரு இடத்தில் நிற்கிறது என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும், ‘அடுத்த அறையிலிருந்து கேட்டா’ என்று தனியே எழுதத் தேவையில்லை. அதே தாய் சினிமாத் தமிழில் “அங்க என்ன பண்ற” என்று கேட்டால் அவ வேறு ஊருக்குப் போய்விட்டா. ‘போனனான்’, ‘செய்தனான்’ என்ற முடிவும் அப்படித்தான்: ‘போனேன்’ செய்தி சொல்கிறது, ‘நான்தான் போனனான்’ யார் என்பதை அழுத்திச் சொல்கிறது.

இனி வாக்கியம். தமிழில் வினை கடைசியில் நிற்பதால் பாரம் முழுவதும் அங்கேதான் விழும். ‘எழும்பி, குளித்து, சாப்பிட்டு, வெளிக்கிட்டு’ என்ற எச்சச் சங்கிலி நேரத்தை வேகமாகக் கடத்த நல்லது. முக்கியமான சம்பவத்தை அந்தச் சங்கிலியின் நடுவில் வைத்தால் அது காணாமல் போகும். தனி வாக்கியமாக வெட்டி, முற்றுவினையில் முடியுங்கள். ‘கொண்டிருந்தது’, ‘ப்பட்டது’ இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால் திருத்தவேண்டும். ‘வீடு சேதப்படுத்தப்பட்டது’ என்றால் யாரும் எதுவும் செய்யவில்லை. ‘ஷெல் விழுந்து குசினிச் சுவர் போனது’ என்றால் தெரிகிறது. ‘நான்’ என்பதையும் எண்ணலாம். வினை முடிவே ஆளைச் சொல்வதால் பத்திக்கு ஒரு ‘நான்’ போதும். ‘நாங்கள்’ வரும் இடத்தில் எத்தனை பேர் என்று ஒரு தடவையாவது சொல்லுங்கள்: வீட்டார் ஐந்து பேரா, ஒழுங்கை முழுவதுமா?

முதற்பிரதியை எழுதவே வேண்டாம். வீட்டில் ஒருவரை முன்னால் இருத்தி, கைத்தொலைபேசியில் 10 நிமிடம் பதிந்துகொண்டு சொல்லுங்கள். தனியே இயந்திரத்துக்குச் சொன்னால் மேடைப்பேச்சு வந்துவிடும்; எதிரில் ஆள் இருந்தால் “அது எந்தக் கிணறு?” என்று கேட்பார், அந்தக் கேள்வியில்தான் விவரம் வருகிறது. அதை அப்படியே எழுத்தில் இறக்க ஒரு மணித்தியாலமாவது பிடிக்கும். இறக்கினதில், எழுத உட்கார்ந்திருந்தால் வந்திருக்காத சொற்களின் கீழ் கோடு போடுங்கள். திருத்தும்போது அவற்றில் கை வைக்காதீர்கள்.

திகதிகளைச் சரிபாருங்கள். 1990 இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 1992 இல் கொழும்பிலிருந்து ரயிலில் வந்திறங்கினதாக எழுதினால் மிச்சக் கதையையும் யாரும் நம்பமாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி 2002 இல் திறந்து 2006 ஓகஸ்ட்டில் மூடினதும் அப்படி அடிக்கடி குழம்புகிற இடம். பழைய பேப்பர்கள் பல ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அயலவரைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. நம்முடைய ஊர்களில் ஒழுங்கையையும் தொழிலையும் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள், அதனால் அவற்றில் ஒன்றையாவது விடுங்கள்.

கடைசியாக, அன்று கூட இருந்த ஒருவருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். அவர் குறுக்கிட்டால் வாசிப்பை நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். “லாம்பு இல்லை, ஜாம் போத்தல் விளக்கு” என்பார். அல்லது ‘மாட்டை ஆர் அவிழ்த்துவிட்டதென்று தெரியாது’ என்ற இடத்தில் சித்தப்பா தலையைத் தூக்குவார். அப்படியானால் அந்த வாக்கியத்தை வெட்டி, அவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே அதில் வையுங்கள்: “மாட்டை நான்தான் அவிட்டுவிட்டனான்.”