குளோன் 100 சதவீதம் முடிந்தும் விண்டோஸ் திறக்கவில்லையா?

பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து குளோன் செய்தாயிற்று, சாஃப்ட்வேரும் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டது, ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் திறக்கவில்லை. இந்த நிலையில் பலரும் உடனே எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்துவிட்டு விண்டோஸை புதிதாகப் போடக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள், திரையில் என்ன வருகிறது என்பதை முதலில் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸுக்கு விண்டோஸைத் தொடங்கும் இடமே கிடைக்கவில்லை. பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுதி பிரிப்பு முறையில் இருந்து, புதியது என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையாக இருந்தால் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பெரும்பாலான போர்டுகள் என்விஎம்இயை பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ வழியாக மட்டுமே பூட் செய்யும், அதற்கு ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறை வேண்டும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்டுஜிபிடி என்ற கருவி விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, தரவை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றிக்கொடுக்கும்.

நீலத் திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் கதை வேறு. விண்டோஸ் தொடங்கிவிட்டது, பாதி வழியில் தன் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியவில்லை. மாமாவின் கடை கம்ப்யூட்டரை சாட்டா கேபிளில் இணைந்த ஹார்டு டிஸ்க்கிலிருந்து என்விஎம்இக்கு மாற்றியபோது இதுதான் வந்தது. "என்ன மாப்ள, பழைய பில்லெல்லாம் போயிடுச்சா?" என்று பதறிவிட்டார். எதுவும் போகவில்லை, குளோன் செய்யும்போது பழைய டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டும்தான் செய்கிறோம். என்விஎம்இயைப் படிக்க உதவும் டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் இவ்வளவு நாளும் சாட்டாவிலேயே ஓடிய விண்டோஸ் அதை பூட் நேரத்தில் ஏற்ற வேண்டிய பட்டியலில் வைத்திருக்காது. தேவையானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோடில் ஒருமுறை திறந்தால் தானாகவே சரிசெய்துகொள்ளும்.

திறக்காத கம்ப்யூட்டரில் சேஃப் மோடுக்கு எப்படிப் போவது? நான் செய்தது இது: பழைய டிஸ்க்கில் விண்டோஸைத் திறந்து, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் பூட் பகுதிக்குப் போய் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே மறுபடி குளோன் செய்தேன். பிறகு பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஆன் செய்ய, நேராக சேஃப் மோடில் திறந்தது. அங்கே அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரி. சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், அதனால் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் முதலிலேயே நிறுத்தி வையுங்கள், ரெகவரி கீயையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேபிளைக் கழற்றச் சொல்வது சும்மா இல்லை. குளோன் என்றால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் வந்துவிட வாய்ப்பு அதிகம், இரண்டும் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும், அல்லது எதிலிருந்து பூட் ஆனது என்றே நமக்குத் தெரியாமல் போகும்.

குளோன் பாதியிலேயே ரீட் எரர் என்று நின்றால் மட்டும் நான் இன்னும் கவனமாக இருப்பேன். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (படிக்கச் சிரமப்படும் இடங்களின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லையென்றால் டிஸ்க் கெட ஆரம்பித்திருக்கலாம். அந்த நேரத்தில் பிழை தேடும் செக்டிஸ்க்கை முழுதாக ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, தள்ளாடும் டிஸ்க்கை மணிக்கணக்கில் அது வேலை வாங்கும். முக்கியமான ஃபைல்களை முதலில் நகலெடுங்கள், அப்புறம் லினக்ஸின் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியை ஓட்டுங்கள், அது நன்றாக இருக்கும் பகுதியை முதலில் எடுத்துவிட்டு மோசமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

மாமாவின் டிஸ்க்கிலும் அந்த எண் எச்சரிக்கை மஞ்சளாகத்தான் இருந்தது. அதில் கல்யாண வீடியோவைப் போட்டு வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் மாமா, அதற்கு வேறு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.