மாமாவின் போட்டோ பெட்டியும் திறக்க மறுத்த பிரவுசரும்

சித்திரை மாதத்துப் பின்னேர இடி எங்களுக்குப் புதிதில்லை. இந்த முறை அது தலவாக்கலையில் மாமாவின் ஸ்டூடியோவுக்குள்ளேயே வந்துவிட்டது. ரவுட்டர் போச்சு, விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த பழைய கொம்பியூட்டர் போச்சு. இரண்டு நாள் கழித்து மாமா போன் பண்ணினார். "மருமகனே, போட்டோ பெட்டியும் போயிருச்சுப்பா. லைட் மட்டும் எரியுது, மஞ்சளா. கொஞ்சம் வந்துட்டுப் போ."

போட்டோ பெட்டி என்று அவர் சொல்வது நெட்வேர்க்கில் மாட்டுகிற, இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள சின்னக் கறுப்புப் பெட்டி. நாஸ் என்பார்கள். 2010ல் வாங்கியது. அதற்குப் பிறகு சுற்றியுள்ள தோட்டங்களில் நடந்த கல்யாணம், சடங்கு, திருவிழா, அடையாள அட்டைக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் என்று எல்லாம் அதற்குள்ளேதான். புதிது வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2022ல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறிய பிறகு, வேலை செய்கிற சாமானை மாற்றும் பேச்சே அந்தக் கடையில் எழவில்லை.

கொட்டகலையில் பஸ் ஏறி, மூட்டத்தில் டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்காமலே தாண்டி, கடைக்குப் போய்ச் சேரும்போது அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி தவறிவிட்டார். கருமாதிக்குப் படம் பெரிதாக்க வேண்டும். அந்த அம்மா தனியாக நின்று எடுத்த ஒரே நல்ல படம், மகளின் கல்யாணத்தன்று மாமா எடுத்தது. அது பெட்டிக்குள்ளே.

மாமா மகளுடைய புது லெப்டொப்பில்தான் முயற்சி செய்திருக்கிறார். ஃபோல்டரும் திறக்கவில்லை, பிரவுசரில் பெட்டியின் பக்கமும் வரவில்லை. இடி விழுந்த கையோடு இப்படி நடந்தால் யாரும் பெட்டி செத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன், 192.168.1.20 என்று மாமாவின் கையெழுத்து. புது ரவுட்டர் கொடுப்பதோ 192.168.8 என்று தொடங்கும் முகவரிகள். ஒரே வயரில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தெருக்களில் குடியிருக்கிற மாதிரி, ஒன்றை ஒன்று கூப்பிடாது. ரவுட்டரை விட்டுவிட்டு லெப்டொப்பையும் பெட்டியையும் ஒரே கேபிளால் நேராக இணைத்து, வைஃபையை நிறுத்தி, லெப்டொப்புக்குக் கையால் 192.168.1.50 என்று போட்டேன், தெரு எது என்று காட்டும் மாஸ்க் 255.255.255.0. 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்க்கும் பிங் அடித்தேன். உடனே பதில் வந்தது. பெட்டி உயிரோடுதான் இருக்கிறது.

சரி, குரோமில் முகவரியைப் போட்டேன். எஸ்எஸ்எல் வேர்ஷன் ஓர் சைஃபர் மிஸ்மெச் என்று ஒரு சாம்பல் பக்கம். மேலே போக பட்டனே கிடையாது.

இங்கே இரண்டு வகைத் தடை இருக்கிறது, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று சர்டிஃபிகேட் எச்சரிக்கை. சர்டிஃபிகேட் என்பது 'இந்த முகவரி இன்னாருடையது' என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி. வீட்டுப் பெட்டிகள் தங்களுக்குத் தாங்களே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சர்டிஃபிகேட்டை நீட்டும். வேறு வழியும் இல்லை, ஏனென்றால் 192.168 முகவரி ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அது உன்னுடையது என்று எந்தச் சர்டிஃபிகேட் நிறுவனமும் சாட்சி சொல்லாது. இந்த எச்சரிக்கையில் 'அட்வான்ஸ்ட்' என்பதை அழுத்தி உள்ளே போகலாம். குரோமில் அதுவும் இல்லையென்றால், பக்கத்தின் மேல் ஒரு கிளிக் செய்துவிட்டு திஸ்இஸ்அன்சேஃப் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் கண்ணை மூடிக்கொண்டு டைப் பண்ணினால் திறக்கும். மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் உண்மை.

இரண்டாவது வகைக்கு இந்த மந்திரம் பலிக்காது. மாமாவின் பெட்டிக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்புப் பாஷை டிஎல்எஸ் 1.0. அது 1999ல் வந்தது. அதில் ஓட்டைகள் இருப்பது தெரிந்து, 2018 ஒக்டோபரில் கூகுள், மொசில்லா, மைக்ரோசொஃப்ட், அப்பிள் நாலு பேரும் சேர்ந்து இனி 1.0, 1.1 இரண்டும் வேண்டாம் என்று அறிவித்தார்கள், 2020ல் பிரவுசர்கள் அவற்றை நிறுத்தத் தொடங்கின. பெட்டி செய்தவர்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே அப்டேட் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். பாஷையே ஒத்துவராதபோது சர்டிஃபிகேட் பேச்சு வரைக்கும் போகவே முடியாது.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. இதே பெட்டி எந்தப் பூட்டும் இல்லாத வெறும் எச்டிடிபியில் இருந்திருந்தால், பிரவுசர் மூலையில் 'பாதுகாப்பில்லை' என்று முணுமுணுத்துவிட்டு விட்டிருக்கும். துருப்பிடித்த பூட்டுப் போட்டவனை வெளியே நிறுத்திவிட்டு, பூட்டே போடாதவனை உள்ளே விடுகிற கணக்கு. பூட்டுப் படத்தைப் பார்த்து நம்புகிறவனை ஏமாற்றக் கூடாது என்பது அவர்கள் நியாயம். பேங்க் தளத்துக்கு ரொம்பச் சரி. முழ நீளக் கேபிளின் மறுமுனையில், என் கண் முன்னால் இருக்கிற பெட்டிக்கும் அதே சட்டமா?

பயர்பொக்ஸில் இன்னும் ஒரு பின்கதவு இருக்கிறது. மாமா மகள் பேங்க் வேலை, கெம்பஸ் வேலை எல்லாம் பார்க்கிற பிரவுசரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து. முகவரிப் பட்டையில் எபவுட்:புரொஃபைல்ஸ் என்று அடித்துப் போய்ப் புதிதாக ஒரு புரொஃபைல் (தனி செட்டிங்கோடு இன்னொரு பயர்பொக்ஸ் மாதிரி) உண்டாக்கி, அதற்கு 'போட்டோ பெட்டி' என்றே பெயர் வைத்தேன். அதைத் திறந்து எபவுட்:கொன்ஃபிக் பக்கத்தில் செக்யூரிட்டி.டிஎல்எஸ்.வேர்ஷன்.மின் என்பதைத் தேடினால் 3 என்று இருக்கும், அதாவது 1.2க்குக் குறைந்தது எதையும் ஏற்காது. அதை 1 ஆக்கினால் டிஎல்எஸ் 1.0 வரைக்கும் இறங்கி வரும். (பெயர்களை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், தமிழில் எழுதிப் பார்த்தால் தேவார அடி மாதிரி இருக்கிறது.) மறுபடி முகவரியைப் போட்டேன். இப்போது சர்டிஃபிகேட் எச்சரிக்கை வந்தது, அதைத் தாண்டினேன், நீலப் பட்டையோடு லொகின் பக்கம் வந்து நின்றது. பாஸ்வேர்ட் மாமாவின் முதல் மோட்டார் சைக்கிள் நம்பர். இதை எழுதலாமா என்று கேட்டேன், இப்போது மாற்றியாகிவிட்டது.

மஞ்சள் லைட்டின் காரணம் உள்ளே தெரிந்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படங்கள்தான், ஒன்று மற்றதற்குக் கண்ணாடி. அதில் இரண்டாவது ஃபெயில். மாமா அதற்குள் ஒரு டிஸ்க்கை உருவக் கை வைத்துவிட்டார்! "மாமா, தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். முன்பக்கத்தில் முதலாவது டிஸ்க் இடதா வலதா என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பிரவுசரில் திறந்த பக்கத்தில் கெட்டுப்போன டிஸ்க்கின் சீரியல் நம்பர் இருந்தது, கடைசி நாலு எழுத்தைப் போட்டோ உறை ஒன்றின் பின்னால் குறித்துக்கொண்டு, பெட்டியை முறைப்படி நிறுத்திவிட்டு இரண்டையும் பார்த்தோம். மாமா கை வைத்தது நல்ல டிஸ்க்.

புது டிஸ்க் போட்டு மறுபடி கண்ணாடி கட்ட விடுவதற்கு முன் படங்களை வெளியே எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். மிச்சம் இருப்பதும் அதே வயசு டிஸ்க். கண்ணாடி கட்டும்போது அதன் முழு நீளமும் படிக்கப்படும், அந்த நேரத்தில் அதுவும் படுத்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் விண்டோஸ் ஃபோல்டராக அது திறக்காததற்கும் காரணம் வயசுதான். பெட்டி பேசுவது எஸ்எம்பி 1 என்ற, நெட்வேர்க்கில் ஃபோல்டர் பகிரும் பழைய பாஷை. 2017க்குப் பிறகு வந்த விண்டோஸில் அது வழமையாகவே போடப்பட்டிருக்காது. அதை ஒன் பண்ண வழி உண்டு. வான்னக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் 2017ல் ஊர் உலகத்தைப் பிடித்து ஆட்டியது அந்தப் பழைய எஸ்எம்பியின் ஓட்டை வழியாகத்தான் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. பிரவுசரில் வந்த பெட்டியின் பக்கத்தில், ஃபைல் அனுப்புகிற பழைய வழியான எஃப்டிபிக்கு ஒரு டிக் இருந்தது, அதைப் போட்டேன். பிரவுசர்கள் 2021ல் எஃப்டிபியையும் கைவிட்டுவிட்டன, ஆகவே எஃப்டிபிக்கென்று உள்ள ஃபைல்சில்லா புரோகிராம். அன்றைக்கு அது பென்டிரைவில் என்னோடு வந்திருந்தது என் அதிர்ஷ்டம். யூஎஸ்பி டிஸ்க் ஒன்றுக்கு எல்லாம் போய்ச் சேர மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது, நடுவில் இரண்டு தடவை பிளேன் டீ.

சிசிடிவி படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டி வைத்திருக்கிற கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெட்டி அக்டிவ்எக்ஸ் (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள் ஓடுகிற சின்னப் புரோகிராம்) கேட்டால் மேலே சொன்னது உதவாது. எட்ஜ் பிரவுசரின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் முயற்சி செய்யுங்கள், 2029 வரைக்குமாவது அது இருக்கும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருக்கிறது. என்ன செய்தாலும் இந்தப் பழைய பெட்டிகளை ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியுலகத்துக்குக் காட்டாதீர்கள். பின்கதவைத் திறந்தது உங்களுக்கு மட்டும்தான்.

பெரியவர் போகவே இல்லை. கல்யாண ஃபோல்டர் முதலில் வரட்டும் என்று அதை வரிசையில் முன்னால் போட்டிருந்தேன். அந்த அம்மா மாவிளக்குத் தட்டோடு, கமெராவைப் பார்க்காமல் வேறு யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். பெரியவர் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "அது என்னையத்தான் பார்க்குது" என்றார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு சைஸ் போதும் என்று பேசி முடித்தார்கள்.

மறுநாள் காலையில் மாமாவிடமிருந்து மறுபடி போன். மகளுடைய லெப்டொப்பில் கேபிள் போட்டும் இன்டர்நெட் வரவில்லையாம், நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாராம். 192.168.1.50ஐ எடுத்துவிட்டு ஒட்டோமெட்டிக் போட மறந்து வந்திருக்கிறேன்.