அடுத்த சீசன் எங்கே?

மே 31, 2025

இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. நாளையிலிருந்து நான் எந்தக் கால்பந்து கிளப்புக்கும் சொந்தமில்லை. வேண்டும் என்கிறவர்கள் பழைய கிளப்புக்கு ஒரு பைசா கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். முன்னால் நின்று கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கருக்கு கோல் கணக்கு இருக்கிறது, காட்டிக் கேட்கலாம். என்னைப் போல நடுக்களத்தில் ஆடுகிறவன் தொண்ணூறு நிமிடத்தில் பத்து, பதினொரு கிலோமீட்டர் ஓடியிருப்பான். மறுநாள் பேப்பரில் பெயர் வராது.

காட்பாடியில் இறங்கி வீடு வந்ததும் அம்மா கேட்டார்: "இந்த வருஷமாவது ஊரோட இருப்பியாப்பா?"

ஜூன் 8

கத்திரி முடிந்தும் வேலூர் வெயில் குறையவில்லை. அதனால் காலை ஐந்தரைக்கே நேதாஜி ஸ்டேடியம். அங்கே ஆடும் பையன்கள் எல்லோருக்கும் கோல் அடிக்க ஆசை. ஒருவனை மட்டும் நடுவில் நிறுத்தி, அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பையனை விரல் காட்டச் சொன்னேன். பந்து காலுக்கு வருவதற்குள் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதலில் பந்தையே வெறித்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் கழுத்து தானாகத் திரும்பியது. "மூணு!" என்று கத்தியபடியே பந்தை வாங்கி, ஆள் இல்லாத பக்கம் திரும்பினான். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டது இந்த ஒரு பழக்கம்தான்.

ஜூன் 19

போன கிளப்பில் இன்னும் சம்பளப் பாக்கி இருக்கிறது. பையன்களுக்கு இதையும் சொல்லித்தர வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்புறமும் பணம் வரவில்லையென்றால் வீரர் விலகிக்கொள்ளலாம். 2018-லிருந்து உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியிலேயே இது இருக்கிறது. என்னோடு ஆடிய பலருக்குத் தெரியாது. கையெழுத்துப் போடும்போது ஒப்பந்தத்தின் நகலைக்கூடக் கேட்டு வாங்க மாட்டார்கள்.

ஒரு பையன் கேட்டான், "நம்ம ஊர் டீம் எப்பவாவது ஐ-லீக் ஜெயிச்சிருக்காண்ணா?" அந்த தேசிய லீக்கை ஜெயித்திருக்கிறதே! 2019 மார்ச் 9, கோயம்புத்தூர். சென்னை சிட்டி கிளப் முதலில் கோல் வாங்கி, பிறகு மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. கௌரவ் போரா இரண்டு கோல். 2021-க்குப் பிறகு அந்தக் கிளப் ஐ-லீக்கில் இல்லை. அதை நம்பியிருந்த தமிழ்நாட்டுப் பையன்கள் வேறு வேறு மாநிலத்துக்குச் சிதறிப் போனார்கள்.

ஜூலை 12

நாட்டின் முதல் நிலை லீக்கான ஐ.எஸ்.எல். சீசனை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்து ஃபெடரேஷனுக்கும் உள்ள ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிப்பது பற்றி முடிவு வரவில்லை. இது மேலே இருக்கிறவர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. அங்கே இடம் கிடைக்காத மிட்ஃபீல்டர் அடுத்த நிலையில் இருக்கும் ஐ-லீக்குக்கு இறங்குவான். அங்கே என்னைப் போல வருஷத்துக்கு ஒரு ஊர் போகிறவனைத்தான் முதலில் கழற்றிவிடுவார்கள்.

ஏஜென்ட் போன் செய்தார். சம்பளம் குறைவு, ஆனால் உடனே சேரலாம் என்றார். பழைய பாக்கிக்குப் புகார் மனு போடாமல் எங்கேயும் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன். மனுவை இன்று ராத்திரி தமிழில் எழுதிவைக்கிறேன். இங்கிலீஷில் மாற்றித்தர சத்துவாச்சாரியில் ஒரு வக்கீல் அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார்.