நிழல் அமைச்சரவையும் தலைவரின் கையும்

பிரிட்டன் அரசியலில் நான் விடாமல் கவனிப்பது நிழல் அமைச்சரவையைத்தான். ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிரே, அவரை நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க எதிர்க்கட்சியில் ஒருவர். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் கட்சித் தலைவர்.

லேபர் கட்சியில் முன்பு இப்படி இல்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எம்பிக்களே ஓட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்கு எந்தத் துறை என்பது மட்டும் தலைவர் முடிவு. 2011இல் அப்போதைய தலைவர் எட் மிலிபாண்ட் அந்தத் தேர்தலை ஒழித்தார்.

அதிகாரம் முழுதாகக் கைக்கு வந்தால் மட்டும் போதுமா? 2016 ஜூனில் அப்போதைய லேபர் தலைவர் ஜெரமி கோர்பின், நிழல் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி பென்னை நீக்கினார். உடனே நிழல் அமைச்சர்கள் வரிசையாக விலகினார்கள். நம்பிக்கை வாக்கெடுப்பில் 172 எம்பிக்கள் கோர்பினுக்கு எதிராக நின்றார்கள், ஆதரவு வெறும் 40. காலியிடங்களை நிரப்ப ஆளில்லாமல், 81 வயது பால் ஃப்ளின்னுக்கு இரண்டு பொறுப்புகள் போயின.

2021 மே மாதம், ஹார்ட்டில்பூல் இடைத்தேர்தலில் தோற்றதும் அப்போதைய லேபர் தலைவர் கியர் ஸ்டார்மர், துணைத் தலைவர் ஏஞ்சலா ரேனரைக் கட்சித் தலைமைப் பொறுப்பாளர் பதவியிலிருந்து நீக்கினார். துணைத் தலைவர் பதவியில் கை வைக்க முடியவில்லை; அது உறுப்பினர்கள் ஓட்டில் கிடைத்தது. சலசலப்பு கிளம்பி, கடைசியில் ரேனருக்குக் கூடுதல் பொறுப்புகளே கிடைத்தன.

அதே மாற்றத்தில் நிழல் நிதியமைச்சர் பொறுப்பு ரேச்சல் ரீவ்ஸிடம் வந்தது. மூன்று வருடம் அவரை அசைக்கவில்லை. ஸ்டார்மர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு துறையைக் கற்க நாளாகும். வருடா வருடம் ஆளை மாற்றினால் அமைச்சருக்குத்தான் கொண்டாட்டம். 2024 ஜூலையில் ரீவ்ஸ் பிரிட்டனின் முதல் பெண் நிதியமைச்சர் ஆனார்.