ஆங்கரேஜ்: பர்ஸ் காலியானாலும் போக வேண்டிய ஊர்

அலாஸ்கா போகிறவர்கள் நிறைய பேர் ஆங்கரேஜில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து டெனாலி தேசியப் பூங்காவுக்கோ கப்பலுக்கோ ஓடிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் டாக்ஸி விவகாரம், இன்னும் ஆறவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து டவுன்டவுனுக்குக் கால் மணி நேரம்தான். மீட்டர் காட்டியது போதாதென்று பெட்டிக்குத் தனியாக, சீசன் என்று சொல்லி அதற்கும் தனியாகக் கறந்துவிட்டார் டிரைவர். 40ஆம் நம்பர் பஸ் 2 டாலருக்குப் போகிறது, அதிலேயே போங்கள். ஜூன், ஜூலையில் ஹோட்டல் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும், மிச்சம் பிடிக்க முடிந்த இடத்தில் பிடித்துவிட வேண்டும்.

அந்தக் கடுப்பெல்லாம் அலாஸ்கா நேட்டிவ் ஹெரிடேஜ் சென்டரில் போயே போய்விட்டது. அலாஸ்கா பழங்குடி மக்களின் பண்பாட்டைக் காட்டும் மையம், 1999இல் திறந்த இடம். ஒரு ஏரி, அதைச் சுற்றி அதபாஸ்கன், யூப்பிக், இனுபியாக், கிளிங்கிட் என்று ஒவ்வொரு மக்களின் வீடும் நிஜ அளவில் கட்டியிருக்கிறார்கள், குனிந்து உள்ளே போய்ப் பார்க்கலாம். அரங்கில் ஒரு பையன், தன் தலைக்கு மேலே கயிற்றில் தொங்கிய சின்னப் பந்தை இரண்டு காலையும் சேர்த்து எம்பி உதைத்துவிட்டு, அதே இரண்டு காலில் தள்ளாடாமல் வந்து நின்றான்! திமிங்கிலம் கிடைத்துவிட்டது என்று வேட்டைக்குப் போனவர்கள் தூரத்திலிருந்தே ஊருக்குச் சொன்ன சைகையாம் இது. கத்தினாலும் காது கேட்காத பனிவெளியில் வேறு எப்படிச் சொல்வது? நுழைவுக் கட்டணம் அதிகம்தான், ஆனால் ஒரு டாலர்கூட வீணில்லை. அரை நாளாவது ஒதுக்குங்கள்.

சாப்பாட்டுக்கு நான்காவது அவென்யூ தள்ளுவண்டிகள். ரெயின்டீர் என்கிற பனிப்பிரதேச மானின் சாசேஜைக் கல்லில் கருகக் கருக வாட்டி, இனிக்க வதக்கிய வெங்காயத்தை அள்ளிப் போட்டுத் தருகிறார்கள். ஊரில் விற்பனை வரி கிடையாது, போர்டில் போட்டிருக்கும் விலைதான்.

அப்புறம் டோனி நோல்ஸ் கடலோரப் பாதை, காசே வேண்டாம். 18 கிலோமீட்டர் நீளம், கோடையில் இரவு பத்து மணிக்கும் வெயில். வழியில் ஒரு மூஸ், அதாவது ராட்சத மான், குட்டியோடு நின்று இலையை உருவித் தின்றுகொண்டிருந்தது, சைக்கிள்காரர்கள் எல்லாரும் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தோம். குட்டி பக்கத்தில் இருக்கும்போது கிட்டே போகவே கூடாது, மிதித்துவிடும். ஷிப் கிரீக் என்ற ஓடையில், ஊருக்கு நடுவிலேயே, சால்மன் பிடிக்கிறார்கள்! ஆங்கரேஜ் அருங்காட்சியகத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அது தனிப் பதிவு. வாடகைக் கார் மட்டும் மாதக்கணக்கில் முன்னாலேயே புக் செய்துவிடுங்கள்.